திருத்தம்

போன வாரத் தாளில்
மெல்வினா ட்வைன் சுட்ட புளூபெர்ரிப் பைக்கு
இரண்டாம் பரிசு என்று போட்டுவிட்டேன்.
முதல் பரிசு.
ரொட்டி வாங்கக் கடைக்குப் போனபோது
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
மீதிச் சில்லறையை மட்டும்
காசு காசாக எண்ணி
மேசைமேல் வைத்தாள்.

டாபின்ஸ் ஆர்மில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எந்தச் செய்தியும் வியாழக்கிழமையே
எல்லோருக்கும் தெரிந்துவிடும்.
வெள்ளியன்று நான் ஓட்டும் இரண்டு பக்கத்தை
வாங்கிப் படிப்பது
எங்கே சறுக்கினேன் என்று பார்க்கத்தான்.

ஆகவே, இம்முறை சரியாக:

படகுத்துறையின் மூன்றாம் பலகை இன்னும் ஆடுகிறது.
ஊர்மன்றம் அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியது.
அதில் முப்பது நிமிடம்
ஆணி யார் வீட்டில் இருக்கிறது என்று.

கேப்லின் கரையேறியது ஒன்பதாம் தேதி, விடியலில்.
அலை ஒவ்வொன்றும் உயிரோடு வந்து
கூழாங்கல்மேல் கொட்டியது.
வாளி, தூண்டு வலை, ஒரு தலையணை உறை.
பாதிரியார் காலணியோடு இறங்கியதை
எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.
எழுதவில்லை.

காணவில்லை: பச்சைக் கையுறை, இடக்கை.
கிடைத்தது: பச்சைக் கையுறை, வலக்கை.
விசாரித்தேன். வேறு ஜோடி.

ஊர் திரும்பும் வாரத்துக்கு
ஆல்பர்ட்டா எண்ணெய் வயல்களிலிருந்தும்
டொரான்டோவிலிருந்தும்
அறுபத்து மூன்று பேர் வருவதாக எழுதியிருந்தேன்.
அறுபத்து நான்கு.
ரோண்டா ஸ்னூக்குக்கு வழியில், கேண்டரில்,
பெண் குழந்தை.
ஏழு பவுண்டு. தொப்பி வேண்டும்.

ஊர்வலம் வழக்கம்போல்.
ஒரே தெரு என்பதால்
போகும்போது ஊரில் பாதி நடக்க மீதி பாதி பார்த்தது.
திரும்பும்போது மாறிக்கொண்டோம்.
தீயணைப்பு வண்டி இரண்டு முறையும் ஓடியது.
இதுவே செய்தி.

இனிப் பெரிய பிழை.

'மூடுபனி காரணமாக வாணவேடிக்கை ரத்து'
என்று போட்டது நான்.
ரத்து என்று சொன்னவனும் நான்தான்.
ஜன்னலுக்கு வெளியே
என் வீட்டு வேலியே தெரியவில்லை, என்ன செய்ய?
ஹெட்லி வைஸ்மன் சொல்லவில்லை.
குளிர்காலம் முழுக்க
ஒரு வண்டி விறகுக்குச் சீட்டு விற்று
சேர்த்த காசு அது.
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
பத்து மணிக்குத் தீக்குச்சி உரசினான்.

சத்தம் வந்தது. பூ வரவில்லை.
கரையில் நின்ற அத்தனை பேரும்
அண்ணாந்து பார்த்தது வெறும் வெண்மையை.
பிறகு அந்த வெண்மை முழுக்க
மெல்ல இளஞ்சிவப்பானது,
யாரோ பாலில் ஒரு துளி விட்டதுபோல்.
அடுத்த சத்தத்துக்குப் பச்சை.
வானத்தில் எதுவும் இல்லாததால்
வெளிச்சம் எங்கள்மேல் இறங்கியது.
அப்போதுதான் யார் பக்கத்தில்
யார் நிற்கிறோம் என்றே தெரிந்தது.

லீவை ஸ்னூக்கும் அவர் தம்பி கேலப்பும்
பாட்டன் விட்டுப்போன வலைக்கொட்டகைக்காகப்
பதினெட்டு வருடம் பேசாதவர்கள்,
பச்சை வெளிச்சத்தில்
தோளுக்குத் தோள் நின்றிருந்தார்கள்.
பார்த்தார்கள். உடனே
இருவரும் மேலே பார்த்தார்கள்,
அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.
சமாதானம் ஆனார்கள் என்று
ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.
அதையும் திருத்துகிறேன்:
ஆகவில்லை.
யாரும் தள்ளி நிற்கவில்லை. அவ்வளவுதான்.
கடைசி வெடி மஞ்சள் என்று ஹெட்லி சொல்கிறான்.
எனக்கு அது பழுப்பாகத் தெரிந்தது.
இரண்டையும் பதிகிறேன்.

மெல்வினா மறுபடி அழைத்தாள்.
பையில் இருந்தது புளூபெர்ரியே அல்லவாம்,
பார்ட்ரிட்ஜ்பெர்ரி.
நான் சாப்பிட்டேன், இரண்டு துண்டு,
என் நாக்கை என்ன சொல்வது.

திங்கள் காலை ஆறு நாற்பதுக்குப் படகு.
ஊருக்கு வந்தவர்கள் அறுபத்து நான்கு பேரும் போகிறார்கள்.
கையசைக்க வருபவர்கள் தயவுசெய்து
மூன்றாம் பலகையைத் தாண்டி நிற்கவும்.